கல்லூரியோடு விடுதியையும் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தருவோம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து கல்லூரி திறக்கும் நாள் வரை நம் பள்ளிகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் மூன்று சொற்களையே சுற்றி வரும்: மதிப்பெண், கட்-ஆஃப், கல்லூரி. எந்தப் பாடம் எடுக்கலாம், எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், கலந்தாய்வுக்கு எப்போது பதிவு செய்வது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நாமும் பொறுமையாகப் பதில் சொல்கிறோம். கல்லூரி கிடைத்த பின் அந்தப் பிள்ளை எங்கே தங்கும், யாரோடு தங்கும், இரவு எட்டு மணிக்கு எந்த விளக்கடியில் உட்கார்ந்து படிக்கும் என்ற கேள்வி மட்டும் பேச்சில் வருவதே இல்லை.

சேர்க்கை நாளன்று கல்லூரி அலுவலகத்தில்தான் அது முதன்முதலாக எழும். "ஹாஸ்டலா, டேஸ்காலரா?" என்று கேட்பார்கள். அப்பாவும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பின்னால் வரிசை நின்றுகொண்டிருக்கும். மூன்று, நான்கு ஆண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பதில் ஒரு நிமிடத்தில் சொல்லப்பட்டுவிடும்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டுதல் பணியில் சில ஆண்டுகளாக உடன் நிற்கிறேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். வீட்டில் விடுதியில் தங்கிப் படித்த அண்ணனோ அக்காவோ இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு இருப்பவர்கள் நாம்தான். அதனால் விடுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை, மாணவருக்கும் பெற்றோருக்கும் நாம் எடுத்துச் சொல்லும் வகையில், இங்கே தொகுத்துத் தருகிறேன்.

விடுதி ஏன் நம் அக்கறை?

தமிழ்நாட்டில் உயர்கல்வி பரவிய வரலாற்றில் விடுதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குச் சாதியின் காரணமாகத் தங்க இடமும் சாப்பாடும் கிடைப்பது கடினமாக இருந்தது. டாக்டர் சி.நடேசனார் 1916-இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியைத் தொடங்கியது அதனால்தான். கல்லூரியில் இடம் இருந்தும் ஊரில் தங்க இடம் இல்லை என்றால் அந்தக் கல்லூரி இடத்தால் பயனில்லை என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். பிறகு அரசின் நலத்துறைகள் மாவட்டந்தோறும் விடுதிகளை நடத்தத் தொடங்கின. நம்மில் பலரே அப்படிப்பட்ட விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியரானவர்கள்தாம்.

இன்றும் நிலைமை முழுதாக மாறிவிடவில்லை. எங்கள் பள்ளியில் படித்த ஒரு மாணவிக்கு வேறு மாவட்டத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரி விடுதிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்ன என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கேட்டபோது இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். ஊரின் மறு கோடியில் ஒரு தனியார் அறையில் வேலைக்குப் போகும் பெண்கள் நால்வரோடு தங்கினார். அவர்கள் இரவு வேலை முடிந்து வரும்போது இவருக்குத் தூக்கம் கெடும். காலையில் இரண்டு பேருந்து மாற வேண்டும். பாடத்தில் சந்தேகம் கேட்க அறையில் ஆள் இல்லை. பூஜை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் அவர் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி பெற்றிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்து இப்போது நன்றாகப் படிக்கிறார். ஆனாலும் ஓர் ஆண்டும், விரும்பிய படிப்பும் போயிற்று.

கல்லூரியை விட்டு நின்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது "படிப்பு வரவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். தங்குமிடம் சரியில்லாமல் நின்றவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள்.

முதல் கேள்வி: விடுதி தேவையா?

எல்லாருக்கும் விடுதி தேவையில்லை. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கல்லூரிக்குப் போய்விடலாம் என்றால் வீட்டுச் சாப்பாடும், அரசின் இலவசப் பேருந்துப் பயண வசதியும் பெரிய உதவி. அதற்கு மேல் போனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதை நான் பிளஸ் டூ மாணவர்களிடம் கணக்காகவே கொடுப்பேன். போக இரண்டு மணி, வர இரண்டு மணி, நாளுக்கு நான்கு மணி நேரம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 360 மணி நேரம். அதாவது இரவு பகலாக 15 முழு நாள்கள் பேருந்தில் கழிகின்றன. "பஸ்ஸில் படிக்கலாம் மிஸ்" என்று ஒருவராவது சொல்வார். காலை எட்டு மணிக்கு நம் ஊர்ப் பேருந்தில் நிற்கவே இடம் இருக்காது என்று பக்கத்தில் இருப்பவரே பதிலும் சொல்லிவிடுவார்.

நேரத்தோடு இன்னும் இரண்டைப் பார்க்கச் சொல்கிறேன். மாலைப் பேருந்தைப் பிடிப்பதற்காகக் கடைசி வகுப்பையோ ஆய்வகத்தையோ விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்குமா? வீட்டில் போனபின் படிக்க இடமும் நேரமும் இருக்குமா, அல்லது வீட்டு வேலை காத்திருக்குமா? பெண் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது கேள்வி மிக முக்கியம்.

நம் மாணவருக்கு இருக்கும் வாய்ப்புகள்

விடுதி என்றாலே ஒன்றுதான் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கல்லூரியே நடத்தும் விடுதி. வளாகத்துக்குள் அல்லது மிக அருகில் இருக்கும். நூலகம், ஆய்வகம், உடன் படிப்பவர்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் முதலாண்டு மாணவருக்கு இதுவே பெரும்பாலும் நல்லது. ஆனால் கலந்தாய்வில் கிடைப்பது கல்லூரியும் படிப்பும் மட்டும்தான். விடுதி இடத்தைக் கல்லூரியில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இது பல பெற்றோருக்குத் தெரியாது. இன்னொன்று, பல அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்குச் சொந்த விடுதியே கிடையாது.

இரண்டாவது, அரசின் நலத்துறை விடுதிகள். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையும், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறையும் பள்ளி மாணவருக்குத் தனியாகவும் கல்லூரி மாணவருக்குத் தனியாகவும் விடுதிகள் நடத்துகின்றன. இவற்றுக்கு 2025 ஜூலையில் அரசு 'சமூகநீதி விடுதி' என்று பெயர் சூட்டியது. தங்குமிடமும் உணவும் இலவசம். ஒரு வகுப்பினருக்கான விடுதியில் ஒரு பகுதி இடங்கள் பிற வகுப்பினருக்கும் உண்டு. முகாம்வாழ் இலங்கைத் தமிழர் குழந்தைகளுக்கும் தனியே இடம் ஒதுக்கப்படுகிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு. தூர வரம்பும் உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே குறைந்தது 8 கி.மீ. இருக்க வேண்டும், மாணவியருக்கு இந்தத் தூர விதி பொருந்தாது. ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வெளியிடும் அறிவிப்பில் விண்ணப்பிக்கும் முறையும் கடைசி நாளும் இருக்கும். அதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது நமக்கு ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது, தனியார் நடத்தும் விடுதியும் அறையும். முதலிரண்டும் கிடைக்காதபோது மட்டும் யோசிக்க வேண்டியது இது. பெண்கள் தங்கும் விடுதி என்றால் அது உரிமம் பெற்றதா என்று கேட்டே ஆக வேண்டும். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தும் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி அத்தகைய விடுதி பதிவு செய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விட வேண்டாம்.

நான்காவது, உறவினர் வீடு. செலவில்லை, பாதுகாப்பு என்று பெற்றோர் முதலில் நினைப்பது இதைத்தான். சித்தி வீட்டில் மகளைப் போல வைத்துப் படிக்க வைத்தவர்களும் உண்டு. மாமா வீட்டில் கடைக்குப் போவதும் குழந்தை பார்ப்பதுமாக மாலை முழுதும் போனவர்களும் உண்டு. "அங்கே உனக்குப் படிக்க ஒரு மூலை கிடைக்குமா?" என்று பிள்ளையைத் தனியாக அழைத்துக் கேட்டால் உண்மை தெரியும். பெற்றோர் முன்னிலையில் கேட்டால் "கிடைக்கும் மிஸ்" என்றுதான் சொல்வார்கள்.

பணம்: எது உண்டு, எது இல்லை

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேரும் மாணவரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தும் விடுதிச் செலவுக்குப் பயந்து அருகில் உள்ள கல்லூரியையே தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரி விருப்பப் பட்டியல் நிரப்பும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். நிரப்பிய பிறகு சொல்லிப் பயனில்லை. கல்லூரி விடுதியை விட்டுவிட்டு வெளியில் தனியார் அறை எடுத்தால் அந்த வாடகை நம் கையிலிருந்துதான் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் மாணவர் ஒருவரிடம் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த பிறகும் விடுதி முன்பணம் கேட்டார்கள். அவர் தந்தை கடன் வாங்கக் கிளம்பிவிட்டார். ஒதுக்கீட்டு ஆணையின் நகலை எடுத்துப்போய்க் கல்லூரி முதல்வரை நேரில் பார்க்கச் சொன்னோம். அன்று மாலையே சரியாயிற்று. ஆணையின் நகல் இரண்டு கையில் இருக்கட்டும் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறோம்.

குழப்பம் தருவது முதல் பட்டதாரிச் சலுகை. அது படிப்புக் கட்டணத்துக்கு மட்டும். விடுதிக்கும் உணவுக்கும் பொருந்தாது. அடுத்தது, கல்வி உதவித்தொகை. மேற்படிப்புக்கான அரசு உதவித்தொகையில் விடுதியில் தங்குபவருக்கும் வீட்டிலிருந்து வருபவருக்கும் பராமரிப்புப் படி வேறுபடும், விடுதி மாணவருக்குக் கூடுதல். விண்ணப்பத்தில் சரியான கட்டத்தைக் குறிக்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1000 மாணவர் வங்கிக் கணக்குக்கே வருகிறது. சோப்பு, எண்ணெய், ஊருக்குப் போகும் பேருந்துக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு ஆகியவற்றுக்கு அது போதுமா என்று மாணவரையே பட்டியல் எழுதச் சொல்லுங்கள். பட்டியல் எழுதியவர் பிறகு செலவையும் பார்த்துச் செய்கிறார்.

மெஸ் கணக்கு

விடுதிக் கட்டணம் வேறு, உணவுக் கட்டணம் வேறு என்பதே பல பெற்றோருக்குப் புதுச் செய்தி. சில கல்லூரிகளில் உணவுக்கு மாதாமாதம் ஒரே தொகை. வேறு சிலவற்றில் அந்த மாதம் உண்மையில் ஆன செலவைச் சாப்பிட்டவர்களிடையே வகுத்துக்கொள்ளும் முறை உண்டு. இதை 'டிவைடிங் சிஸ்டம்' என்பார்கள். எட்டாம் வகுப்பு மாணவருக்கே விளங்கும் கணக்குத்தான்.

உதாரணத்துக்கு ஒரு விடுதியில் 180 பேர் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளும் எல்லாரும் சாப்பிட்டால் 5400 சாப்பாட்டு நாள்கள். மாதச் செலவு ரூ.5,40,000 என்றால் ஒரு நாளுக்கு ரூ.100, ஆளுக்கு ரூ.3000. அடுத்த மாதம் சிலர் ஊருக்குப் போனதால் சாப்பாட்டு நாள்கள் 4800 ஆகக் குறைகின்றன. அரிசி, பருப்புச் செலவு குறையும். சமையலர் கூலி குறையாது. செலவு ரூ.5,04,000 என்றால் ஒரு நாளுக்கு ரூ.105. மாதம் முழுதும் சாப்பிட்டவருக்கு ரூ.3150, முறைப்படி பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துச் சென்றவருக்கு ரூ.2100. எழுதிக் கொடுக்காமல் போனவர் அந்தப் பத்து நாளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியதுதான்.

ஆகவே கேட்க வேண்டியவை நான்கு. உணவுக்கு நிலையான தொகையா, வகுக்கும் முறையா? ஊருக்குப் போனால் எத்தனை நாளுக்கு மேல் கழிவு உண்டு, எத்தனை நாள் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும்? திருப்பித் தரும் முன்பணம் எவ்வளவு, திருப்பித் தராதது எவ்வளவு? இடையில் விடுதியை விட்டு விலகினால் பணம் திரும்புமா? நான்கையும் தாளில் எழுதி எடுத்துப்போகச் சொல்லுங்கள். எழுதியதைப் பார்த்துக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை

விளம்பரத் தாளில் படுக்கை விரித்த அறையின் படம் இருக்கும். குழாயில் தண்ணீர் வருமா என்பது இருக்காது. முடிந்தால் பெற்றோரும் பிள்ளையும் ஒரு முறை நேரில் போவது நல்லது. அலுவலகத்தில் கேட்பதோடு நிற்காமல், அங்கே தங்கியிருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரிடம் பேச வேண்டும். ஓராண்டு தங்கியவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

எங்கள் பள்ளியில் கையெழுத்துப் படியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம்:

ஓர் அறையில் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் பூட்டி வைக்க அலமாரியோ பெட்டி வைக்க இடமோ உண்டா?

எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை? காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வருகிறதா? குடிநீர் எங்கே?

மாணவியர் விடுதியில் நாப்கினைப் போடுவதற்குத் தனி வசதி உண்டா?

இரவில் படிக்கும் இடம் எது? அறை விளக்கை எத்தனை மணிக்கு அணைக்கச் சொல்கிறார்கள்?

வார்டன் விடுதியிலேயே தங்குகிறாரா? இரவில் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்ப வேண்டும்? அருகில் உள்ள மருத்துவமனை எது?

மாலை எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்? ஆய்வகமோ நூலகமோ முடிந்து தாமதமாக வந்தால் என்ன நடைமுறை?

வீட்டுக்குப் பேச என்ன வழி? பெற்றோர் வந்தால் எங்கே சந்திக்கலாம்?

மாற்றுத் திறனாளி மாணவர் என்றால், தரைத்தள அறையும் அவர் பயன்படுத்தக்கூடிய கழிப்பறையும் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நேரில் பார்ப்பதன் பயன் பெற்றோருக்கும் உண்டு. மலைக் கிராமத்து மாணவி ஒருவரின் தாய் மகளை விடுதிக்கு அனுப்பவே மாட்டேன் என்றிருந்தார். "பொட்டப்புள்ளைய எவர்கிட்ட விட்டுட்டு வர்றது டீச்சர்?" என்பதுதான் அவர் கேள்வி. நியாயமான கேள்வி. நாங்கள் வாதாடவில்லை. போய் அந்த 'எவர்' யார் என்று பார்த்துவிட்டு வரச் சொன்னோம். போனார். வார்டன் அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசினார், சமையலறையில் சாம்பார் எப்படி இருக்கிறது என்றும் பார்த்தார். திரும்பி வந்து மகளுக்குப் பூட்டும் வாளியும் வாங்கினார்.

ராகிங் பயமும் சட்டமும்

விடுதி என்றதும் பெற்றோர் மனத்தில் வரும் அடுத்த பயம் ராகிங். 1996-இல் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டது மாநிலத்தையே உலுக்கியது. 1997-இல் ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் இங்கே வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுமைக்கும் விதிமுறைகள் கொண்டுவந்தது.

அந்த விதிகளில் நம் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில. முதலாண்டு மாணவரைக் கூடியவரை தனிக் கட்டடத்திலோ தனிப் பகுதியிலோ தங்க வைக்க வேண்டும். அப்படி இடமில்லை என்றால் மூத்த மாணவர் அங்கே வருவதை வார்டன் கண்காணிக்க வேண்டும். வார்டனின் தொலைபேசி எண் எல்லாருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். மாணவரும் பெற்றோரும் ராகிங்கில் ஈடுபடுவதில்லை என்று உறுதிமொழி தர வேண்டும். புகார் சொல்ல 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

"முதலாண்டு மாணவருக்குத் தனிப் பகுதி இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வியைப் பெற்றோர் கேட்டாலே, விதி தெரிந்தவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அலுவலகத்துக்கு விளங்கிவிடும்.

மாணவியருக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், மனம் சோர்ந்திருக்கும் எவருக்கும் 14416 என்ற மனநல உதவி எண்ணையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறோம். கைப்பேசியில் இருந்தாலும் ஒரு நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

அறையில் யார் இருப்பார்கள்?

நல்ல விடுதி என்பது கட்டில், மெஸ்ஸோடு முடிவதில்லை. 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் விடுதிகளை 'ஹால்' என்றே அழைக்கிறார்கள். சேலையூர் ஹால், புனித தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனி அடையாளமும் உண்டு. பழைய மாணவர்கள் தம் கல்லூரியைச் சொல்லும்போதே எந்த ஹால் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். கூடித் தங்குவதும் படிப்பில் ஒரு பகுதி என்ற எண்ணம்தான் அதன் அடிப்படை.

நம் மாணவருக்கு இது புதிய உலகம். மொழி வேறு, உணவு வேறு, பழக்கம் வேறு என்று இருப்பவரோடு ஓர் அறையில் இருக்க வேண்டும். பயந்துபோய் "நம்ம ஊர்ப் பிள்ளைங்களோட, நம்ம ஆளுங்களோட அறை கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பெற்றோர் உண்டு. சேர்ந்த முதல் வாரமே ஊரையும் சாதியையும் விசாரித்துத் தம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் மூத்த மாணவர்களும் உண்டு. முதலில் அது ஆதரவு போலத்தான் தெரியும். பிறகு யாரோடு பேசலாம், யாரோடு சாப்பிடலாம் என்பதையும் அந்தக் கூட்டமே முடிவு செய்யும். இதை மாணவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. ஒரே துறையில் படிப்பவர் ஒருவரும், வேறு மாவட்டத்துக்காரர் ஒருவரும் அறையில் இருந்தால் அதுவே நல்ல அமைப்பு என்று நான் சொல்வேன். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலோடு திணறும் முதல் பருவத்தில், இரவு பத்து மணிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சொல்லித் தருவதற்கு ஈடு இல்லை.

வீட்டு நினைவு எல்லாருக்கும் வரும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். முதல் மாதம் அழுகை வருவது பலவீனம் அல்ல என்று தெரிந்த பிள்ளை அழுதுவிட்டு வகுப்புக்குப் போகும். தெரியாத பிள்ளை, தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துப் பெட்டியைக் கட்டும்.

தொடக்க வகுப்பிலிருந்தே

இதில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. தட்டைத் தானே கழுவுவது, தன் பொருளைத் தானே எடுத்து வைப்பது, வயிறு வலித்தால் வலிக்கிறது என்று ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்வது, பிடிக்காத தொடுதலுக்கு 'வேண்டாம்' என்பது, யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது. காலை உணவு நேரத்திலும் மதிய உணவு நேரத்திலும் நீங்கள் பழக்குவது இவற்றைத்தான். பத்து ஆண்டு கழித்து ஒரு விடுதி அறையில் அவை உதவும்.

நடுநிலை வகுப்புகளில் மெஸ் கணக்கைச் சராசரி, விகிதப் பாடங்களோடு சேர்த்துக் கொடுக்கலாம். பையன்களுக்கும் துணி துவைக்கவும் பொத்தான் தைக்கவும் தெரிய வேண்டும் என்று பேசலாம். மொழிப் பாடத்தில் கடிதம் எழுதும் பயிற்சிக்கு, வார்டனுக்கு விடுப்பு விண்ணப்பம், குழாய் பழுது பற்றிய புகார் என்று தலைப்புக் கொடுக்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்பில் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பெயரும் பிறந்த நாளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால், சேர்க்கை நேரத்தில் ஓட்டம் மிச்சம்.

பிளஸ் டூவில் செய்ய வேண்டியது ஒரே ஒரு பாடவேளை. பொதுத் தேர்வுக்கு முன்பே, டிசம்பரிலோ ஜனவரியிலோ, விடுதியில் தங்கிப் படிக்கும் நம் முன்னாள் மாணவர் இருவரை, ஒரு பையனும் ஒரு பெண்ணுமாக, அழைத்துப் பேசச் சொல்லுங்கள். நாம் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அவர்கள் பத்து நிமிடம் பேசுவது பிள்ளைகளுக்கு ஏறும். போன ஆண்டு வந்த ஒரு மாணவி, "முதல் நாளே பூட்டு வாங்குங்க, ரெண்டாவது நாளே ஃபிரெண்டு பிடிங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆனதும், விடுதியில் சேர்ந்த மாணவர் ஒவ்வொருவருக்கும் எங்கள் பள்ளியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசுகிறோம். கேட்பது மூன்றே கேள்வி: சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, பேச ஆள் இருக்கிறதா? மூன்றில் எதற்காவது தயங்கினால் மறுவாரமும் பேசுகிறோம், தேவையானால் வார்டனிடமும் பேசுகிறோம். பட்டியலைப் பகிர்ந்துகொண்டால் ஆசிரியர் ஒருவருக்கு நாலைந்து அழைப்புக்கு மேல் வராது. உங்கள் பள்ளியிலும் இந்த ஆண்டு இதைச் செய்து பாருங்கள்.